மேடு முதலில், கோழி அப்புறம்

எங்கள் வீட்டுக் கொல்லையின் பின்சுவரில், தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. 2024 டிசம்பரில் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நின்ற இடம் அது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அதன்மேல் அடித்து மறைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கூடு கட்டுவதோ பாத்தி போடுவதோ, கொல்லையில் எது செய்தாலும் இப்போது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அளவெடுக்கிறேன்.

கடலூரில் செம்மண்டலம் தாண்டி, ஆறு இருக்கும் பக்கம் எங்கள் வீடு. ஒரு கிரவுண்டு மனை. வீடு போகப் பின்னால் சுமார் 800 சதுர அடி. ஒரு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல். 2019 ஆடியில் அங்கே கீரை விதைக்க ஆரம்பித்தேன். அதே மாதம் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தை, என் கணவரின் அம்மா, எங்களோடு தங்க வந்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அவருடைய பலா மரங்களையும் முந்திரியையும் ஒரே நாளில் சாய்த்துவிட்டது. அதன் பிறகு ஊரில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. வரும்போது கட்டைப்பையில் இரண்டு பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் கொண்டுவந்தார். எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி ரகம். எங்கள் கோழி வளர்ப்பு அந்தப் பையிலிருந்து தொடங்கியது.

இப்போது தெருவில் பலர் வந்து விசாரிக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது கோழி எங்கே கிடைக்கும் என்றுதான். கோழி எங்கும் கிடைக்கும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் நான் ஒவ்வொன்றாக இழந்து இழந்து கற்றுக்கொண்டேன்.

முதலில் போனது சிறுகீரை. விதைத்துப் பத்து நாள், நாலு இலை விட்டு நின்றது. கூட்டைத் திறந்துவிட்டு, பால் காய்ச்சி இறக்கிவிட்டு வருவதற்குள் மூன்று கோழியும் சேர்ந்து பாத்தியை உழுதுவிட்டன. கீரையைத் தின்றது கொஞ்சம்தான். தண்ணீர் விட்டு மண் பதமாக இருந்தால் உள்ளே புழு இருக்கும் என்று கோழிக்குத் தெரியும். அது கிளறத்தான் செய்யும். அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கோழியையும் வெச்சிக்கிட்டு கீரையும் வெதைச்சா, ரெண்டுல ஒண்ணுக்கு வேலி போடணும்ல? ஊர்ல எங்களுக்கு எடம் இருந்துது, அது பாட்டுக்கு மேஞ்சிது."

பழைய புடவையைக் கட்டி மறைத்துப் பார்த்தேன். சிறுவிடை உடம்பு லேசு, நாலடி உயரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் பறக்கும்போது நிலை தடுமாறித் தாண்டாமல் இருக்கும் என்று அத்தை வெட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெட்டினால் சமமாகி, தட்டுத்தடுமாறியாவது தாண்டிவிடும். அப்புறம் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கழித்துப் போட்ட மீன்வலையை விலைக்கு வாங்கி, சவுக்குக் கழி நட்டு ஐந்தடி உயரத்துக்குக் கட்டினோம். மேலேயும் அதே வலைதான். காகத்துக்கும் பருந்துக்கும் அது நல்ல தடுப்பு. குஞ்சு இருக்கும் வீட்டுக்கு மிகப் பெரிய எதிரி காகம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அந்த வலையிலும் ஒரு தவறு செய்தேன். அடியில் மிச்சமிருந்த வலையைத் தரையில் புரளவிட்டிருந்தேன். ஒரு சாரைப்பாம்பு அதில் சிக்கி, இழுக்க இழுக்க இறுகிச் செத்துப் போனது. எலி பிடிக்க வந்த பாம்பு. எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கீழே இரண்டடிக்கு இரும்புக் கம்பி வலை, அதன் மேல்தான் மீன்வலை. கம்பி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, ஓரமாகச் செங்கல் பதித்திருக்கிறோம். கீரி தோண்டிக்கொண்டு வருவது அதோடு நின்றது.

வேலி வந்த பிறகுதான் கோழியும் தோட்டமும் ஒன்றுக்கொன்று உதவுவதைப் பார்த்தேன். கொல்லையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் கோழிகளின் மேய்ச்சல் இடம், மறு பக்கம் மூன்று பாத்திகள். பாத்திகளுக்கு இடையே தூக்கி மாற்றும்படி சவுக்குச் சட்டத்தில் வலை அடித்த தட்டிகள். ஒரு பாத்தி காய்த்து ஓய்ந்ததும் தட்டியை மாற்றிக் கோழிகளை அதற்குள் இரண்டு வாரம் விடுகிறேன். களையைத் தின்று, மண்ணைப் புரட்டி, கண்ணுக்குத் தெரியாத முட்டையும் கூட்டுப்புழுவும் வரை பொறுக்கிவிடும். எருக்குழியைக் கிளறும்போது கட்டை விரல் மொத்தத்துக்கு வெள்ளைப் புழு வருமே, அது தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டின் புழு. கோழிகளுக்கு அது விருந்து. குழியைக் கோழிகளை வைத்துக்கொண்டு கிளறுவது தென்னைக்கும் நல்லது. கோழி இருந்து போன பாத்தியில் உடனே கீரை போடுவதில்லை. கத்திரி, வெண்டை என்று காய் வகை ஒரு போகம் போட்டுவிட்டு, அடுத்த போகம்தான் கீரை.

எருவில் சூடு உண்டு. முதல் வருடம் கூட்டிலிருந்து அள்ளிய எச்சத்தைப் பச்சையாகவே கத்திரிச் செடியின் தூரில் வைத்தேன். நாலே நாளில் இலை ஓரம் கருகி, பன்னிரண்டு செடியில் ஒன்பது போய்விட்டன. மாட்டுச் சாணத்தைவிட அதில் தழைச்சத்து அதிகம், மக்காமல் வைத்தால் வேரைச் சுட்டுவிடும். இப்போது ஒரு கூடை எச்சத்துக்கு மூன்று கூடை காய்ந்த வேப்பஞ்சருகு, தென்னை ஓலைத் துண்டு என்று கலந்து, ஈரம் காயாமல் மூன்று மாதம் மூடி வைக்கிறேன். மண்வாசனை வந்தால்தான் எடுப்பேன். மீண்டும் வைத்த கத்திரி, பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர்-1. நம் மாவட்டத்தில் உருவான ரகம், நம் மண்ணுக்கு ஒத்துப் போகிறது. காய்த்து ஓய்ந்ததும் கவாத்து செய்துவிட்டால் துளிர்த்து மறுபடி காய்க்கிறது.

நோய் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 மாசியில் எங்களிடம் பதின்மூன்று உருப்படி இருந்தது. சந்தையில் ஒரு அழகான சாம்பல் நிறப் பெட்டையைப் பார்த்து வாங்கி வந்து, அன்று மாலையே மற்றவற்றோடு கூட்டில் விட்டேன். மூன்றாம் நாள் அது இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அடுத்த ஐந்து நாளில் பதினொன்று போய்விட்டன. இரண்டு கோழிக்குக் கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே நின்றன. வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்று சொல்வார்களே, அதுதான். வைரஸ் நோய், வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து அத்தை உருண்டை உருண்டையாகக் கொடுத்துப் பார்த்தார். மூன்று தப்பின. மருந்தால் தப்பினவா, தாமாகத் தப்பினவா என்று என்னால் சொல்ல முடியாது.

தடுப்பூசி ஒன்றுதான் வழி. கால்நடை மருத்துவர் எங்களுக்குச் சொன்ன வரிசை இது: குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் அதையே மறுபடி. எட்டாவது வாரம் இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடக் கூடாது. மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடலாம். ஏழெட்டுக் கோழி வைத்திருப்பவர்கள் தயங்குவது இதனால்தான். நாங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுவிடுகிறோம். பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், இலவசம். வெயில் ஏறுவதற்கு முன் அதைத் தவறவிடாதீர்கள். புதிதாக வாங்கும் கோழியை, எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், மூன்று வாரம் தனியே வையுங்கள். முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியில் புதுக் கோழிக்கு வையுங்கள், கையைக் கழுவுங்கள். செத்த கோழியைச் சாக்கடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பதினொன்றையும் அப்படித்தான் புதைத்தோம். அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை நிற்கிறது.

முட்டைக் கணக்கைப் பலர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். ஏழு கோழி வைத்தால் தினம் ஏழு முட்டை வராது. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இடும், பிறகு அடைக்கு உட்காரும். வருடத்துக்கு மூன்று நாலு ஈடு. ஆக, ஒரு கோழிக்கு வருடம் 50, 60 முட்டை. ஏழு கோழியின் முட்டையை வருடம் முழுவதும் பரப்பிப் போட்டால் நாளுக்கு ஒன்று, அவ்வளவுதான். முட்டைக்காக மட்டும் என்றால் இந்தப் பாடு தேவையில்லை.

தீனி ஒரு கோழிக்கு நாளுக்கு 100 கிராம் வரை போகும். பாதியை மேய்ச்சலும் சமையலறையும் பார்த்துக்கொள்ளும். மீதிக்குக் கம்பு, உடைத்த மக்காச்சோளம், நொய். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பிண்ணாக்கு நல்லதுதான், ஆனால் லேசாகப் பூஞ்சை வாடை அடித்தாலும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். கடற்கரை ஊரில் கருவாட்டுத் தூள் சுலபமாகக் கிடைக்கிறது என்று உப்புக் கருவாட்டைப் போடாதீர்கள், உப்பில்லாமல் காயவைத்ததாக இருக்க வேண்டும். மரவள்ளித் தோலும் இலையும் பச்சையாகப் போடவே கூடாது. ஓடு மெல்லிசாக, தோல் முட்டையாக வந்தபோது தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளோடு பொறுக்கிய கிளிஞ்சலைக் கழுவிக் காயவைத்து இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தோம். தேவைப்பட்ட கோழி தேவைப்பட்ட அளவு எடுத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் ஓடு கெட்டியாகிவிட்டது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அடை வைப்பது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை வைத்தால் உறுமிக்கொண்டு, முட்டை எடுத்த பிறகும் இடத்தை விட்டு எழாமல் இருந்தால் அடைக்குத் தயார். மண் சட்டியில் ஆற்று மணல், அதன்மேல் வைக்கோல், வைக்கோலுக்கு அடியில் பேன் அண்டாமல் நொச்சி இலை. அத்தை ஒரு அடுப்புக்கரியும் இரும்பு ஆணியும் ஓரத்தில் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாது என்பது அவர் ஊர் நம்பிக்கை, நான் அதை எடுப்பதில்லை. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை வைப்பதில்லை. ஏழாம் நாள் இரவு செல்போன் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். நரம்பு இல்லாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். தாய்க்கோழி தினம் ஒருமுறை இறங்கித் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வரும். அதைத் தடுக்காதீர்கள். இருபத்தோராம் நாள் ஓடு கீறும். குஞ்சுகளுக்குத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் விழுந்து நனைந்து குளிரில் செத்துவிடும். முதல் மாதம் தாயோடு பஞ்சாரத்துக்குள்தான், கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை அது. தை மாதம் வைத்த 11 முட்டையில் 10 பொரிந்தன. சித்திரை வெயிலில் வைத்த 12இல் 4தான். அதிலிருந்து அக்கினி நட்சத்திரத்தில் அடை வைப்பதில்லை.

தோட்டத்துக்கு ஆடிப்பட்டம் அருமை. கத்திரி, மிளகாய், அவரை, பூசணி எல்லாம் அப்போது. பொங்கலுக்கு அவரை சரியாக வந்துவிடும், பனிக்குத்தான் அது பூக்கும். வெயில் காலத்தில் எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, கீரை ஓரம் காய்கிறது. வெண்டையும் கொத்தவரையும் தாங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தரையில் எதையும் நம்பிப் போடாதீர்கள். ஒரு முழம் உயர மேட்டுப்பாத்தி இருந்தால் தண்டுக்கீரை தப்பும். முருங்கையை மழைக்கு முன்பே தலை வெட்டிவிட வேண்டும், காற்றுக்கு முதலில் முறிவது அதுதான்.

இனி அந்தக் கோடு. 2021 நவம்பரில் தென்பெண்ணை பெருகியபோது எங்கள் தெருமுனையோடு தண்ணீர் நின்றுவிட்டது. அதை வைத்து, இதற்கு மேல் வராது என்று தைரியமாக இருந்துவிட்டோம். கோழிக்கூடு தரையோடு தரையாக, செங்கல் வைத்துக் கட்டியது. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கூரையை இழுத்துக் கட்டினோம், கூட்டின் மேல் தார்ப்பாய் போட்டோம். ஞாயிறு மாலை மழை குறைந்ததும் ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் தென்பெண்ணை கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் தாண்டி இங்கே வந்து கடலில் சேர்கிற ஆறு. அங்கே பெய்த பெருமழை, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட தண்ணீர், எல்லாம் புயல் போன பிறகுதான் எங்களை நோக்கி வந்தன. திங்கட்கிழமை இருட்டில், மின்சாரம் இல்லாத நேரத்தில், கொல்லைக் கதவுக்கு அடியில் சளசளவென்று சத்தம் கேட்டு எழுந்தேன். என் கணவர் தொடையளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கூட்டுக் கதவைத் திறந்தார். மேல் கட்டையில் இருந்த நாலு கோழி உயிரோடு வந்தன. ஐந்து போய்விட்டன. மரநாய்க்குப் பயந்து முந்தின இரவு கொக்கியை வெளியே போட்டது நான். அதை நினைக்காத நாள் இல்லை.

நாலு கோழியும் பதினெட்டு நாள் மாடிப்படியில் இருந்தன. தண்ணீர் வடிந்தபோது கொல்லை முழுக்க இரண்டு விரல் தடிமனுக்கு வண்டல். சாக்கடையும் கலந்து வந்த வண்டல் என்பதால் மூன்று மாதம் கீரை போடவில்லை. நனைந்த தீனி எல்லாவற்றையும் வெளியே கொட்டினோம். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, தை மாதம் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்து, பூவெடுத்ததும் ஒன்றரை மாதத்தில் மடக்கி மண்ணோடு கொத்திவிட்டேன். அதற்குப் பின் வைத்த வெண்டை நான் இதுவரை பார்த்திராத உயரத்துக்கு வந்தது.

புதுக் கூட்டின் தளம் தரையிலிருந்து நாலடி, கோட்டுக்கு ஒன்றேகால் அடி மேலே. சவுக்குக் கால்கள் இரண்டடி மண்ணுக்குள். தளம் மூங்கில் பிளாச்சு, அரை அங்குல இடைவெளி விட்டு. எச்சம் கீழே பரப்பியிருக்கும் காய்ந்த மல்லாட்டைத் தோலில் விழுந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை வாரி எருக்குழிக்குப் போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாடை பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. காற்று எல்லாப் பக்கமும் வருவதால் வெயிலிலும் கோழி மூச்சு வாங்குவதில்லை. கதவின் கயிறு வீட்டுக்குள், சமையலறை ஜன்னல் வரை வருகிறது, இழுத்தால் திறக்கும். ஐப்பசி பிறந்ததும் இரண்டு பஞ்சாரத்தை மாடிப்படி அருகே மாட்டி வைத்துவிடுகிறோம். மழை நின்ற பிறகும் இரண்டு நாள் அணை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

புரட்டாசி பாதிக்கு மேல் அடை வைக்கக் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், குஞ்சு இறங்கும்போது மழை பிடித்துக்கொள்ளும் என்பதால். இந்த வருடம் கறுப்புப் பெட்டை, வெள்ளத்தில் தப்பிய நாலில் ஒன்று, புரட்டாசி இருபது தாண்டி அடைக்கு உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் தூக்கித் தூக்கி வெளியே விட்டேன். திரும்பத் திரும்பப் போய் வெறும் சட்டியில் உட்கார்ந்தது.

"விட்ரும்மா. போன வருசம் அது இருந்த இருப்புக்கு, அது கேக்குறத குடுத்துரலாம்" என்றார் அத்தை.

"மழை வந்துட்டா என்னங்கத்தை பண்றது?"

"சட்டிய இங்க வெக்கச் சொல்லல. மாடிப்படி திருப்பத்துல, என் கண்ணுக்கு முன்னால வெய்யி. நான் பாத்துக்கிறேன்."

ஒன்பது முட்டை வைத்திருக்கிறோம். இன்றோடு பதினாறு நாள்.